புளியந்தீவ நடந்து அளக்கிறது எப்பிடி: பழைய நகரம் ஒண்டோட தெருவமைப்ப ஆராய முழு வழிகாட்டி

பழைய டவுன் ஒண்ட ஸ்பேஷியல் அனாலிசிஸ், அதாவது இடவமைப்பு ஆராய்ச்சி, செய்யணும் எண்டு கம்பஸ்ல அசைன்மென்ட் குடுத்தா பிள்ளைகள் முதல்ல செய்றது என்னெண்டா கூகுள் மேப்ப திறந்து ஸ்க்ரீன்ஷொட் எடுத்து அதுக்கு மேல கலர் அடிக்கிறது. நானும் அப்பிடித்தான் தொடங்கின. ஆனா அதுல கிடைக்கிறது இண்டைக்கு ஓட்டோ ஓடுற ரோட்டு மட்டும் தான், அந்த ரோட்டு ஏன் அங்க வளையுது, இந்த ஒழுங்கை ஏன் தண்ணிக்க போய் முடியுது, கோட்டைக்கிட்ட இருக்கிற தெருவுக்கும் நாலு தெரு தள்ளி இருக்கிறதுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் எண்ட கேள்விக்கெல்லாம் அதுல பதில் கிடைக்காது.

மட்டக்களப்புல வேலை செய்யப்போற ஆக்களுக்கு முதல் சொல்லவேண்டியது ஒண்டு இருக்கு. இங்க தண்ணியும் ஒரு தெரு. வாவி 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்க இருந்து கல்முனைப் பக்கம் வரைக்கும் கிடக்கு, அதுக்கு கிழக்கால எழுவான்கரை, மேற்கால படுவான்கரை, நடுவுல பழைய நகரம் இருக்கிற புளியந்தீவு. நெல்லு விளையிறது படுவான்கரையில, கடலும் கடையும் எழுவான்கரையில, ரெண்டுக்கும் இடையில பாலம் வாறதுக்கு முதல் போக்குவரத்து எல்லாம் தோணி தான். அப்ப ரோட்ட மட்டும் கீறி ஒரு பழைய நகரத்த விளங்கிக்கொள்ளப் பாத்தா பாதி ஊர் கணக்குல வராது. கீழ சொல்லுற ஒவ்வொரு ஸ்டெப்லயும் இத மனசுல வச்சுக்கொள்ளுங்க.

முதல்ல எல்லை

எந்த இடத்த ஆராயப்போறீங்க எண்டத கீறி முடிக்காம ஒண்டும் தொடங்காதீங்க. கிராம சேவகர் பிரிவு எல்லைய அப்பிடியே எடுக்கிறது லேசு, ஆனா அது நிர்வாகத்துக்காக போட்ட கோடு, பழைய ஊர் அந்தக் கோட்டுல நிக்காது. புளியந்தீவ எடுத்தா ஒரு நல்ல வசதி இருக்கு, தீவு எண்டபடியா எல்லைய தண்ணியே போட்டுத் தந்திருக்கு.

ஆனா ஒரு பொறியும் இருக்கு. தீவ மட்டும் வெட்டி எடுத்து கணக்குப் பாத்தீங்க எண்டா நடுவுல இருக்கிற தெரு எல்லாம் முக்கியமா தெரியும், ஓரத்துல இருக்கிறது எல்லாம் ஒதுக்குப்புறமா தெரியும். உண்மையில ஓரத்துல தான் பாலம் வந்து ஏறுது. இதத்தான் எட்ஜ் எஃபெக்ட் எண்டு சொல்லுற. அதால ரெண்டு கோடு போடணும்: உள்ளுக்க ஆராயிற பகுதி, வெளியில அதச் சுத்தி ஒரு பஃபர். புளியந்தீவுக்கு நான் எண்டா பஃபர வடக்க கோட்டைமுனை, அரசடி தாண்டி ஊறணி வரைக்கும், இஞ்சால கல்லடிப் பாலம் தாண்டி நாவற்குடா வரைக்கும் எடுப்பன். கணக்கு முழுப் பகுதிக்கும் ஓடணும், முடிவ உள்ளுக்கு மட்டும் வாசிக்கணும்.

காலத்தையும் வெட்டுங்க

இடத்த வெட்டின மாதிரி காலத்தையும் வெட்டணும். போர்த்துக்கேயர் 1628ல கோட்டைய கட்டினது, 1638 மே 18ல ஒல்லாந்தர் பிடிச்சது, 1795ல இங்கிலீஷ்காரன் கைக்கு போனது எல்லாம் பள்ளிக்கூடத்துல படிச்சது தான். தெருவமைப்புக்கு அத விட முக்கியமான வருசங்கள் வேற. 1814ல மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்க வந்து இறங்கி பள்ளிக்கூடம் தொடங்கினதுல இருந்து ஒரு நூற்றாண்டுக்குள்ள புளியந்தீவுல மிஷன் வளவுகள் பெரிசு பெரிசா வருது, 1873ல மைக்கேல் கல்லூரி. இந்த வளவுகள் பெரிய கட்டி மாதிரி, அதுக்குள்ளால தெரு போகாது, சுத்தித்தான் போகணும். பிறகு 1924ல கல்லடிப் பாலம். 1928ல ரயில். 1978 நவம்பர் 23 சூறாவளி, கூரையும் மரமும் போன நாள். 2004 சுனாமி. 2013ல புதுக் கல்லடிப் பாலம்.

எல்லாத்துக்கும் ஒவ்வொரு மேப் கீற ஏலாது, தேவையும் இல்ல. மூண்டு போதும்: கல்லடிப் பாலத்துக்கு முதல், பாலத்துக்குப் பிறகு, இண்டைக்கு.

பழைய படம் தேடுறதும் ஒண்டுக்கு மேல ஒண்டு போடுறதும்

நில அளவைத் திணைக்களம் 1800ல தொடங்கினது, அதால எங்கட நாட்டுல பழைய பிளானுக்கு குறைவில்ல, கேட்டு எடுக்கத்தான் பொறுமை வேணும். ஒரு அங்குலப் படம் எண்டு சொல்லுற 1:63,360 அளவுப் படத்துல ஊர் எங்க இருக்கு, ரோட்டு எங்க போகுது எண்டு மட்டும் தெரியும், தெருவமைப்புக்கு அது காணாது. உங்களுக்கு வேணும் எண்டது எஃப்விபி (ஃபைனல் வில்லேஜ் பிளான்), பிபி (பிரிலிமினரி பிளான்) எண்டு சொல்லுற பெரிய அளவுப் பிளான்கள், அதோட டவுன் சேர்வே. ஒல்லாந்தர் காலத்துப் படங்கள் ஹேக்ல இருக்கிற நெதர்லாந்து தேசிய ஆவணக்காப்பகத்துல இருக்கு, நிறைய ஸ்கேன் பண்ணி ஒன்லைன்ல போட்டிருக்காங்க. அதுகள்ல கோட்டை நல்ல விவரமா இருக்கும், கோட்டைக்கு வெளியில சனம் இருந்த இடம் சும்மா நாலு மரமும் ஒரு குடிசையுமா இருக்கும். அவனுக்கு தேவையானத அவன் கீறினான், அத வச்சு "அந்தக் காலத்துல வெளியில ஒண்டும் இல்ல" எண்டு எழுதிப்போடாதீங்க.

இன்னொரு ஆவணம் ஆரும் நினைக்கிறதில்ல: வீட்டு உறுதி. பழைய உறுதியில "வடக்கே ஆறு, கிழக்கே இன்னாரின் வளவு, தெற்கே ஒழுங்கை" எண்டு நாலு எல்லையும் எழுதியிருக்கும். இண்டைக்கு வடக்க மதிலும் அதுக்கு அங்கால ரோட்டும் இருந்தா, அந்த ரோட்டு இருக்கிற இடம் ஒரு காலத்துல தண்ணி. உறுதிய ஆரும் தந்தா எல்லைய மட்டும் குறிச்சுப்போட்டு திருப்பிக் குடுங்க, பேரையும் விலையையும் எழுத வேணாம், போட்டோவும் எடுக்க வேணாம். காணிப் பிரச்சினை இல்லாத குடும்பம் எங்கட பக்கம் குறைவு.

இனி இதெல்லாத்தையும் கியூஜிஐஎஸ்ல ஏத்தணும், மேப் வேலைக்கான காசில்லாத சொஃப்ட்வெயார் தான். ஜியோரெஃபரன்ஸ் பண்ணும்போது, அதாவது பழைய படத்த இண்டைய மேப்புல அதோட சரியான இடத்துல பொருத்தும்போது, ரெண்டுலயும் ஒண்டா தெரியிற கன்ட்ரோல் பொயின்ட்டுக்கு அசையாத சாமான எடுங்க. புளியந்தீவுல அதுக்கு ஆக நல்லது கோட்டையோட நாலு கொத்தளமும், பிறகு பழைய தேவாலயச் சுவர் மூலைகள், பாலத்தோட கரைக்கட்டு. வாவிக்கரைய எடுக்கவே கூடாது, கரை நிரவுப்பட்டும் சேறு அடைஞ்சும் மாறிக்கொண்டே இருக்கு. பொயின்ட் ஆறு ஏழுக்கு குறையாம, படம் முழுக்க பரவி இருக்கணும், எல்லாம் ஒரு மூலையில இருந்தா மற்ற மூலை இழுபட்டுப் போகும். அளந்து கீறின சேர்வே பிளானுக்கு முதலாம் நிலை பொலினோமியல் போதும், அது படத்த வளைக்காம பொருத்துற முறை. கையால கீறின ஒல்லாந்தர் படத்த தின் பிளேட் ஸ்ப்ளைன் எண்ட, படத்த வளைச்சுப் பொருத்துற முறை போட்டு இழுத்தா வடிவா பொருந்தின மாதிரி இருக்கும், ஆனா அந்தப் பொருத்தம் நம்பக்கூடியது இல்ல. அப்பிடியான படத்த பக்கத்துல வச்சு வாசிக்கிறது நல்லம்.

கோஓர்டினேட் விசயத்துல கவனம். ஒவ்வொரு கிரிட்டுக்கும் சொஃப்ட்வெயார்ல இபிஎஸ்ஜி எண்டு ஒரு இலக்கம் இருக்கு. பழைய இலங்கை கிரிட், அதாவது கண்டவளை டேட்டம், இபிஎஸ்ஜி 5234. புதுசு எஸ்எல்டி99, இபிஎஸ்ஜி 5235. பழசுல தொடக்கப் பெறுமதி 200,000, புதுசுல 500,000, ரெண்டு அச்சுலயும். புது கிரிட் இலக்கங்கள பழசு எண்டு மாறிக் குடுத்தா உங்கட புளியந்தீவு 300 கிலோமீற்றர் கிழக்கயும் 300 கிலோமீற்றர் வடக்கயும் தள்ளி வங்காள விரிகுடாவுல போய் நிக்கும். அப்பிடி நிண்டா பயப்பட வேணாம், பிழை அது தான்.

நடை

ஆக முக்கியமான ஸ்டெப் இது. லப்டொப்ப வீட்ட வச்சிட்டு ஏ3 தாள்ல பிரின்ட் எடுத்த மேப், பென்சில், டேப், ஒரு தண்ணிப் போத்தல், அவ்வளவு தான். விடிய ஆறு மணிக்கு ஒருக்கா, பின்னேரம் நாலரைக்கு ஒருக்கா. நடுப்பகல்ல நடந்தா வெயில்ல நீங்களும் பாக்கமாட்டீங்க, தெருவுலயும் சனம் இராது.

நடக்கும்போது ஒவ்வொரு முடக்குலயும் நிண்டு நான் குறிக்கிறது: இங்க இருந்து பாத்தா அடுத்தது எவ்வளவு தூரம் தெரியுது, எது கண்ணுல படுது, தெருவோட அகலம் எவ்வளவு, மதிலா வேலியா, படலை எந்தத் தெருவப் பாத்துக் கிடக்கு. கடைசியாச் சொன்ன படலைக் கணக்கு மிச்சம் முக்கியம். ஒரு தெருவுல ரெண்டு பக்கமும் வீட்டு மதில் இருக்கும், ஆனா வாசல் ஒண்டும் அந்தத் தெருவுல இராது, எல்லாரும் மற்றப் பக்கத்தால போவாங்க. மேப்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரு தான். நடக்கிறவனுக்கு ஒண்டு ஊர், மற்றது வெறும் வழி.

புளியந்தீவுல வாவிக்கரைப் பக்கம் ஒரு வளவுல நான் அளந்துகொண்டு நிக்கக்குள்ள நடந்தது ஒண்டு சொல்லணும். வீட்டுக்குப் பின்னால, குசினி தாண்டி, தண்ணிக்கு இறங்கிற மூண்டு கல்லுப்படி. பக்கத்துல ஒரு கருங்கல்லு, நடுவுல கயிறு உரசி உரசி விழுந்த பள்ளம், என்ட ரெண்டு விரல் வைக்கிற அளவு. நான் நோட்டுல "பின்பக்கம், படி 3" எண்டு எழுதினன். வீட்டுக்கார ஐயா எட்டிப் பாத்திட்டு, "இது பின்பக்கம் இல்ல மனெ, இது தான் அந்த நாளையில முன்பக்கம். படுவான்கரையில இருந்து நெல்லு கொண்டு வாற தோணிய இந்தக் கல்லுல தான் கட்டுற. ரோட்டுப் பக்கம் முந்தி வேலி" எண்டார். போய்ப் பாத்தா வீட்டோட பழைய விறாந்தை, தூண் வச்சது, தண்ணியப் பாத்துத் தான் இருக்கு. ரோட்டுப் பக்க வாசல் பிறகு உடைச்சு வச்ச சீமெந்துக் கட்டு.

அதுக்குப் பிறகு கரையோரத்துல ஒவ்வொரு வீட்டையும் நான் மறுக்கா போய்ப் பாத்தன். நீங்களும் பாருங்க: விறாந்தை எந்தப் பக்கம், படி இருக்கா, தண்ணிக்குப் போற ஒழுங்கை அகலமா ஒடுக்கமா. சும்மா வந்து தண்ணியில முடியிற ஒழுங்கை, அதுவும் மற்ற ஒழுங்கைகள விட அகலமா இருந்தா, அனேகமா அங்க ஒரு துறை இருந்திருக்கும். மேப்ல அந்த முனையில ஒரு புள்ளி போடுங்க. இந்தப் புள்ளிகள் தான் பாலத்துக்கு முந்தின மேப்புக்கு சந்தி.

மாரியில ஒருக்கா நடங்க. கார்த்திகை, மார்கழி மழைக்கு எந்த ஒழுங்கையில தண்ணி முதல்ல ஏறுது, எது கடைசியா வத்துது எண்டு குறிச்சா நிரவின நிலமும் பழைய வாய்க்காலும் தன்னால தெரியும்.

கோட்டைய பத்தி ஒரு சொல்லு. ரெண்டு பக்கம் வாவி, மற்ற ரெண்டு பக்கம் அகழி, நாலு மூலையிலயும் கொத்தளம். கன காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகம், அதுக்குள்ள தான் இருந்தது, எங்கட ஆக்கள் பிறப்புப் பதிவுக்கும் காணி அலுவலுக்கும் போய் வந்த இடம். உள்ளுக்க அளக்கிறது எண்டா முதல்ல கடிதம் குடுத்து அனுமதி எடுங்க, தொல்லியல் சின்னம் அது. ட்ரோன் எண்டா சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அனுமதி வேற எடுக்கணும்.

வளவு

தெரு, வளவு, கட்டடம். ஊரோட அமைப்பு இந்த மூண்டும் சேந்தது எண்டு சொன்னவர் கொன்சென் எண்ட புவியியலாளர், இங்கிலாந்துல அல்னிக் எண்ட சின்ன டவுன வளவு வளவா ஆராஞ்சு 1960ல எழுதினார். கட்டடம் லேசா மாறும், வளவு எல்லை மெதுவா மாறும், தெரு ஆகக் கடைசியா மாறும். அதால பழசத் தேடுறவன் கட்டடத்துல ஏமாறலாம், வளவு எல்லை ஏமாத்தாது.

ஒவ்வொரு வளவுக்கும் முகப்பு எத்தன அடி, ஆழம் எத்தன அடி, பரப்பு எத்தன பேர்ச் எண்டு ஒரு டேபிள் போடுங்க. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஒரு ஏக்கர். தெருப் பக்கம் ஒடுக்கமாவும் உள்ளுக்க நீளமாவும் இருந்தா அது கடைத்தெரு வளவு, முகப்புக்குத்தான் விலை. சதுரமா பெருசா இருந்தா குடியிருப்பு இல்லாட்டி மிஷன் காணி. தீவு முழுக்க அரைகுறையா எடுக்கிறத விட ரெண்டு தெருவ முழுசா எடுக்கிறது நூறு மடங்கு நல்லம்.

இங்க எங்கட மண்ணுக்கு சொந்தமான ஒரு விசயம் வருது, வெளியூர் முறைய அப்பிடியே கொண்டு வந்து போட்டா பிடிபடாது. மட்டக்களப்புல, தமிழாக்களுக்குள்ளயும் முஸ்லிமாக்களுக்குள்ளயும், வீடும் வளவும் பொம்புளப் புள்ளைக்கு சீதனமாப் போகும், மாப்பிள்ளை வந்து பொண்ணு வீட்டுல இருக்கிற வழக்கம். அப்ப தாய்ட வளவுக்குள்ள மூத்தவளுக்கு வீடு, அடுத்தவளுக்கு பக்கத்துல ஒரு வீடு, கடைசிக்கு பின்னால ஒண்டு. பின் வீட்டுக்குப் போக மதில் ஓரமா நாலஞ்சு அடி விடுவாங்க. ரெண்டு தலைமுறை போனா அந்த நாலஞ்சு அடி தான் ஒரு ஒழுங்கை, முன்னால போக வழியில்லாத ஒழுங்கை, அதுல இருக்கிற அஞ்சாறு வீடும் ஒரு தாய்ட பிள்ளைகள், பேத்திகள். அத ஒரு பிளானரும் கீறல்ல, ஒரு கவுன்சிலும் வெட்டல்ல, கலியாணம் வெட்டின ஒழுங்கை அது. வளவு மேப்ல இப்பிடியான கூட்டங்கள தனிக் கலர்ல காட்டுங்க. கேக்கும்போது "இது யார்ட காணி" எண்டு கேக்காதீங்க, "இந்த ஒழுங்கையில முதல் வந்த வீடு எது மாமி" எண்டு கேளுங்க, கதை தன்னால வரும்.

கோடு கீறுறதும் கையால கணக்குப் பாக்கிறதும்

இனி ஸ்பேஸ் சின்டெக்ஸ். லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜ்ல பில் ஹில்லியரும் ஜூலியென் ஹன்சனும் அவங்கட ஆக்களும் 1970கள்ல இருந்து வளத்த முறை. அடிப்படை மிச்சம் லேசு: ஒரு தெருவோட முக்கியத்துவம் அதோட நீள அகலத்துல இல்ல, அது மற்ற எல்லாத் தெருவோடயும் எப்பிடித் தொடுபட்டுக் கிடக்கு எண்டதுல இருக்கு.

ஆக்சியல் கோடு எண்டா, தெருவுல நிண்டு நேரா எவ்வளவு தூரம் பாக்கவும் நடக்கவும் ஏலுமோ அவ்வளவு நீளமான நேர்கோடு. ஊர் முழுக்க எல்லா வெளியையும் தொடுற மாதிரி ஆகக் குறைஞ்ச எண்ணிக்கையில ஆக நீளமான கோடுகள். ஒரு கோட்டுல இருந்து மற்றக் கோட்டுக்கு மாறுறது ஒரு திருப்பம், ஒரு ஆழம்.

சொஃப்ட்வெயாருக்குப் போக முதல் ஒரு தடவ கையால செய்யுங்க, இல்லாட்டி வாற கலர் படத்த வச்சு என்ன சொல்லுறது எண்டு கடைசிவரைக்கும் விளங்காது. ஆறு தெரு வச்சுக்கொள்ளுவம். அ எண்டது பெரிய தெரு, அதுல ஆ, இ, ஈ மூண்டும் வந்து முட்டுது. ஈயில இருந்து உ, உல இருந்து ஊ. ஊ போய் தண்ணியில முடியுது.

அவுல நிண்டா ஆ, இ, ஈ ஒவ்வொரு திருப்பம், உவுக்கு ரெண்டு, ஊவுக்கு மூண்டு. கூட்டினா 8. மற்றத் தெரு அஞ்சு, 8ஐ 5ஆல பிரிச்சா சராசரி ஆழம் 1.6. ஊவுல நிண்டா உ ஒண்டு, ஈ ரெண்டு, அ மூண்டு, ஆவும் இயும் நாலு நாலு. கூட்டினா 14, சராசரி 2.8. இப்ப சராசரியில ஒண்டக் கழிச்சு, ரெண்டால பெருக்கி, மொத்தத் தெரு எண்ணிக்கையில ரெண்டு குறைச்சு வாறதால பிரிங்க. அவுக்கு 0.3, ஊவுக்கு 0.9. பூச்சியத்துக்கு கிட்ட எண்டா எல்லாருக்கும் கிட்ட, ஒண்டுக்கு கிட்ட எண்டா ஒதுக்கம்.

இனி ஊவோட தண்ணி முனைய ஆவோட ஒரு தோணித்துறையால இணையுங்க. ஒரே ஒரு இணைப்பு, தோணிய தனித் தெருவா எண்ணல்ல. ஊவுல இருந்து திரும்ப எண்ணினா உ ஒண்டு, ஆ ஒண்டு, ஈ ரெண்டு, அ ரெண்டு, இ மூண்டு. கூட்டினா 9. சராசரி 1.8, பெறுமதி 0.9ல இருந்து 0.4க்கு இறங்கிட்டு. ஊர்ல ஒரு கல்லும் அசையல்ல, ஒரு தோணி தான் வந்தது. நான் தொடக்கத்துல தண்ணியும் தெரு எண்டு சொன்னதுக்கு கணக்கு இது தான்.

கம்ப்யூட்டருக்கு குடுக்கிறது

கோடுகள கியூஜிஐஎஸ்ல கீறி டிஎக்ஸ்எஃப் ஃபைல் ஆக்கி, இந்தக் கணக்கெல்லாம் பாக்கிற டெப்த்மேப்எக்ஸ் சொஃப்ட்வெயார்ல ஏத்துங்க, அதுவும் இலவசம். கீறும்போது சந்தியில கோடு ஒண்ட ஒண்டு கொஞ்சம் தாண்டி வெட்டணும், தொட்டும் தொடாம நிண்டா இணைப்பு விழாது. புள்ளைகள்ட பிழையில பாதி இங்க தான். ரயில் பாதைய தெரு எண்டு கீறாதீங்க, கடவை இருக்கிற இடத்துல மட்டும் கோடு தாண்டட்டும்.

ஆக்சியல் மேப்புக்கு ரேடியஸ் என், ரேடியஸ் 3 ரெண்டையும் ஓட்டுங்க. என் எண்டா ஊர் முழுக்க, 3 எண்டா மூண்டு கோட்டுக்குள்ள, அயல் மட்டம். பிறகு செக்மென்ட் மேப்பா, அதாவது சந்திக்குச் சந்தி வெட்டின துண்டுகளா மாத்தி, எவ்வளவு கோணம் திரும்புது எண்டு பாக்கிற கோண முறையில 400, 800, 2000 மீற்றர் ரேடியஸ்ல ஓட்டுங்க, 400 எண்டது அஞ்சு நிமிச நடை. வாற பெறுமதிகள்ல ரெண்ட பிடிச்சுக்கொள்ளுங்க. இன்டெக்ரேஷன் எண்டா போய்ச் சேர லேசான இடம். சொய்ஸ் எண்டா வழியில கடந்து போற இடம். கல்லடிப் பாலத்த நினைச்சுப் பாருங்க, பாலத்துக்கெண்டு போற ஆக்கள விட அதால அங்கால போற ஆக்கள் தான் கூட, அதால சொய்ஸ் உச்சத்துல நிக்கும்.

வேற வேற அளவு ஊர்கள ஒப்பிடுறதா இருந்தா மேல கையால பாத்த பெறுமதிய நேரா பாவிக்காதீங்க, பெரிய ஊருக்கும் சின்ன ஊருக்கும் அது சரிவராது. சொஃப்ட்வெயார் அத டி-வேல்யூ எண்ட, ஊர் அளவுக்கு ஏத்த ஒரு எண்ணால சரிசெஞ்சு தலைகீழாக்கித் தான் இன்டெக்ரேஷன் எண்டு தருது, அத எடுங்க. செக்மென்ட் எண்டா அதே மாதிரி சரிசெஞ்ச சொய்ஸ், இன்டெக்ரேஷன் பெறுமதிகள், என்ஏசிஎச், என்ஏஐஎன் எண்டு பேர்.

மூண்டு மேப்புக்கும் ஓட்டினாப் பிறகு பக்கத்துல பக்கத்துல வையுங்க. முதல் மேப்புல துறைக்குத் துறை தோணிக் கோடும் இருக்கணும். கலர் அளவுகோல் மூண்டுக்கும் ஒண்டா இருக்கணும், சொஃப்ட்வெயார் தானா போடுற கலர விட்டா ஒவ்வொரு மேப்லயும் சிவப்புக்கு வேற வேற அர்த்தம் வந்திடும். 2013 பாலத்தால இந்தக் கணக்குல பெருசா மாற்றம் வராது, பழைய பாலத்துக்கு பக்கத்துலயே கட்டினது, அகலம் கூடினது, இணைப்பு பழசு தான். ஊரத் திருப்பிப் போட்ட பாலம் 1924 பாலம்.

ஆக்கள எண்ணுங்க

கணக்கு சொல்லுறது உண்மையா எண்டு தெருவுல பாக்கணும். இருபது இருபத்தஞ்சு இடம் தெரிவு செய்யுங்க, இன்டெக்ரேஷன் கூடின இடம், நடுத்தரம், குறைஞ்சது எல்லாம் கலந்து. ஒவ்வொண்டுலயும் தெருவுக்கு குறுக்க மனசுல ஒரு கோடு போட்டு அஞ்சு நிமிசம் கடக்கிற ஆக்கள எண்ணுங்க, நடை, சைக்கிள், மோட்டர்சைக்கிள், ஓட்டோ வேற வேறயா. 12ஆல பெருக்கினா மணித்தியாலக் கணக்கு. ஒரே இடத்த காலை, மத்தியானம், பின்னேரம் எண்டு மூண்டு தடவைக்கு குறையாம, கிழமை நாள்லயும் சனி ஞாயிறுலயும்.

நாள் பாத்து எண்ணுங்க. ஞாயிறு காலை புளியந்தீவுல தேவாலயச் சனம், ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கக் கோயில் பக்கம் ஊரே நிக்கும், பள்ளிக்கூடம் விடுற நேரம் மிஷன் வளவுகளச் சுத்தி நகர ஏலாது. இந்த நாள், நேரங்கள தனியா எண்ணி வச்சா அருமையான தகவல், சாதாரண நாளோட கலந்தா எல்லாம் குழம்பும்.

பிறகு எண்ணிக்கையையும் இன்டெக்ரேஷனையும் ஒரு ஸ்கேட்டர் கிராஃப்ல போடுங்க. கோட்டோட ஒத்துப்போற தெருக்கள் பத்தி ரெண்டு வரி போதும். ஒத்துப்போகாத தெருக்கள்ல தான் உங்கட ரிப்போட்டே இருக்கு. கணக்குப்படி சனம் கூடவா இருக்கணும், ஆனா தெரு வெறிச்சோடிக் கிடக்கு எண்டா போய்ப் பாருங்க, நீளத்துக்கு மிஷன் மதிலா, நிழல் இல்லையா, வாசல் ஒண்டும் இல்லையா. கணக்குப்படி ஒதுக்கம், ஆனா சனம் குமியுது எண்டா பழைய துறையோ கோயிலோ அங்க இருக்கும்.

வாசிக்கிறது

ஆழம் எண்டத குறை எண்டு எழுதாதீங்க. நான் பாத்த ரிப்போட் நிறையத்துல "இந்த ஒழுங்கைகள் தனிமைப்படுத்தப்பட்டுள்ளன, இணைக்கப்பட வேண்டும்" எண்டு முடிச்சிருக்கு, வாசிக்கக்குள்ள கவலையா இருக்கும். அந்தச் சீதன ஒழுங்கையில பின்னேரம் போய்ப் பாத்தா சின்னப் புள்ளைகள் நடு ஒழுங்கையில விளையாடுதுகள், அம்மம்மா படலையில இருந்து முருங்கக்கீரை ஆயுறா, அந்நியன் உள்ளுக்க வந்தா ரெண்டாவது வீட்டுலயே "யாரத் தேடுறீங்க தம்பி" எண்டு கேப்பாங்க. அந்த ஆழம் தான் அவங்களுக்கு காவல். அதுக்குள்ளால ரோட்டு வெட்டித் திறந்தா மோட்டர்சைக்கிள் தான் வரும்.

கோட்டையிலயும் ஆழம் தான், ஆனா வேற விதம். தெருவுல இருந்து வாசல், வாசல்ல இருந்து முத்தம், முத்தத்துல இருந்து விறாந்தை, விறாந்தையில இருந்து அறை. ஒவ்வொரு படியையும் ஒரு வட்டமாக் கீறி மேல மேல அடுக்கினா அது தான் ஜஸ்டிஃபைட் கிராஃப். பீரங்கிக்கு பயந்து கட்டின ஆழம், பிறகு அதே ஆழத்துக்குள்ள தான் எங்கட சனம் ஃபைலக் கையில வச்சுக்கொண்டு நிண்டது.

கடைசியா இன்டெலிஜிபிலிட்டி. ஒவ்வொரு கோட்டுக்கும் எத்தன இணைப்பு எண்டதையும் ஊர் முழுக்க இன்டெக்ரேஷன் எவ்வளவு எண்டதையும் ஒப்பிட்டு வாற ஆர் ஸ்கொயர், ரெண்டும் எவ்வளவு ஒத்துப்போகுது எண்டு சொல்லுற எண். ஒண்டுக்கு கிட்ட எண்டா, நிக்கிற இடத்த வச்சே ஊர் விளங்கும், புதுசா வந்தவனும் தொலையமாட்டான்.

ஒப்பிட ரெண்டு மூண்டு ஊர்

தனியா ஒரு இலக்கம் ஒண்டும் சொல்லாது, பக்கத்து ஊர் ஒண்டும் வேணும். நாலஞ்சு கிலோமீற்றர்ல காத்தான்குடி, நாட்டுலயே ஆக நெருக்கமான ஊர்கள்ல ஒண்டு, சீதன வளவு பிரிஞ்சு பிரிஞ்சு ஒழுங்கையாகுற கதைய ஆக முத்தின நிலையில பாக்க வேற இடம் தேவையில்ல. கல்முனை எண்டா கடலோர மெயின் ரோட்டுல முதுகெலும்பு மாதிரி நீளுற ஊர். அம்பாறை டவுன் இதுக்கெல்லாம் நேர் மாறு, 1949ல கல்லோயாத் திட்டம் தொடங்கினதோட பிளான் போட்டுக் கட்டினது, முதல் ரோட்டு, பிறகு தான் வளவு. புளியந்தீவையும் அம்பாறையையும் ஒரே அளவுல பிரின்ட் எடுத்து, கட்டடத்துக்கு கறுப்பு, வெளிக்கு வெள்ளை அடிச்சு பக்கத்துல பக்கத்துல ஒட்டினா எந்த இலக்கமும் இல்லாமலே சின்னப் புள்ளைக்கும் வித்தியாசம் விளங்கும்.

திருப்பிக் கொண்டு போய்க் காட்டுறது

முடிச்ச மேப்ப பெரிய தாள்ல, தெருப் பேர் தமிழ்ல பெருசா எழுதி பிரின்ட் எடுங்க. நடக்கும்போது கதைச்ச வயசாக்கள் வீட்டுக்கு திரும்பக் கொண்டு போங்க, மேசையில விரிங்க, கையில பென்சிலக் குடுங்க. கல்லுப்படி வீட்டு ஐயாக்கிட்ட நான் கொண்டு போன நேரம் அவர் கண்ணாடியப் போட்டு கன நேரம் பாத்திட்டு, நான் துறை எண்டு போட்ட ஒரு புள்ளிய அழிச்சிட்டு ரெண்டு வளவு தள்ளி புதுசா ஒண்டு போட்டார். "இங்க மாடு குளிப்பாட்டுற, தோணி கட்டுற அங்க." திரும்ப வீட்ட வந்து அந்தக் கோட்ட மாத்தி மறுபடி ஓட்டினன், அந்த ஒழுங்கையோட கலர் மஞ்சள்ல இருந்து செம்மஞ்சளுக்கு வந்தது.